தில்லிக் குளிரில் கீசரும் ஹீட்டரும்: எலிமென்ட் ஏன் போகிறது, எதைப் பார்க்க வேண்டும்

திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பவை இவை: கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் ஒரே மாதத்தில் இரண்டு முறை போய்விட்டது, வந்த மெக்கானிக் கீசரையே மாற்றச் சொல்கிறார், அதற்குப் பதிலாக கேஸ் கீசர் வைக்கலாமா, எட்டு மாதக் குழந்தையும் எழுபது வயதைக் கடந்த தாயாரும் படுக்கும் அறைக்கு எந்த ஹீட்டர் நல்லது, இந்த வேலைக்கு வருபவர் உண்மையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாகத் தில்லியில் இதே வேலையைச் செய்து வருகிறேன். உங்கள் கீசரைக் கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், எங்கே பார்க்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ஹீட்டர் என்றால் குளியலறையில் மாட்டியிருப்பது. இங்கே அது கீசர், ஹீட்டர் என்றால் அறையில் வைப்பது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தொலைபேசியில் "ஹீட்டர் ரிப்பேர்" என்று சொல்ல, நான் ராடும் பிளோயர் மோட்டாரும் எடுத்துக்கொண்டு போய் நின்ற நாட்கள் உண்டு. இன்னொன்று, இரண்டு ஊருக்கும் தண்ணீரிலேயே உள்ள வேறுபாடு. தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2006 ஜனவரி 8 அன்று 0.2 டிகிரி பதிவானது. 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். இப்படிப்பட்ட நாட்களில் மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் விடியற்காலையில் 12 டிகிரிக்கும் கீழே இருக்கும். 15 லிட்டர் கீசர், 2000 வாட் எலிமென்ட் என்று வைத்துக்கொண்டால், 12 டிகிரித் தண்ணீர் 60 டிகிரியாக ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். திருச்சியில் 28 டிகிரியில் தொடங்கும் அதே தண்ணீருக்கு 17 நிமிடம் போதும். காலை நேரத்தில் எல்லா வீடுகளிலும் கீசர் ஓடுவதால் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால், 2000 வாட் எலிமென்ட் 1500 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 25 நிமிடம் 33 நிமிடமாகிவிடும். "கீசர் சூடாக்குவதில்லை" என்று டிசம்பர் கடைசியில் வரும் அழைப்புகளில் கணிசமானவை இந்தக் கணக்கைச் சொன்னதுமே தீர்ந்துவிடும் புகார்கள்தாம்.

உங்கள் புகார் அப்படிப்பட்டதன்று. நல்ல எலிமென்ட் ஒன்று தில்லித் தண்ணீரிலும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அது போகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரை எலிமென்டின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். காற்றில் நின்றால் சில நிமிடங்களில் அதன் உறை பழுத்து வெடிப்பு விடும். கீசரில் எப்போதும் தண்ணீர் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே குழாய்த் தண்ணீர் நேரக்கணக்கில் வருகிறது. வீட்டுக்காரர் மோட்டார் போட்டு மேலே ஏற்றினால்தான் உண்டு. மேல்தொட்டி இரவில் காலியாகி, கீழ்த்தளத்தில் யாராவது குழாயைத் திறந்தால், உங்கள் கீசரின் தண்ணீர் வந்த வழியாகவே கீழே இறங்கிப் போக முடியும். அதைத் தடுப்பதற்காகத்தான் குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் ஒருவழி வால்வு இருக்கிறது. அந்த வால்வின் உள்ளே உப்புப் படிந்தோ மணல் துகள் சிக்கியோ முழுதாக மூடாமல் நின்றால், காலை ஐந்து மணிக்கு நீங்கள் போடும் சுவிட்ச் பாதி காலியான தொட்டியின் மேல் வேலை செய்கிறது. எலிமென்டை மட்டும் மாற்றிவிட்டு வால்வைத் தொடாமல் போனவர் நோயை விட்டுவிட்டு நோயாளியின் சட்டையை மாற்றியிருக்கிறார். ஆகவே கீசரை மாற்றுவதற்கு முன் அந்த வால்வை மாற்றச் சொல்லுங்கள். மேல்தொட்டி காலியான மறுநாள் காலை, சுவிட்ச் போடுவதற்கு முன் சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்றில்லாமல் தண்ணீர் தொடர்ச்சியாக வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கீசரைத் திறப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான், வந்தவர் அதைச் செய்தாரா இல்லையா என்பது உங்களுக்குப் புலப்படும். மின்சாரத்தை மின்பலகையின் எம்.சி.பி. சுவிட்சிலேயே நிறுத்தி, தண்ணீரை அடைத்து, கீழே வாளி வைத்துத் தொட்டியை வடிக்க வேண்டும். பிறகு அடிமூடியின் போல்ட்டுகளைக் கழற்றி எலிமென்டை மெதுவாக இறக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் அது இறங்கவே இறங்காது. கடற்கரைப் பாறையில் கிளிஞ்சல் ஒட்டியதுபோல வெள்ளை உப்பு சுற்றிலும் இறுகி, எலிமென்ட் நுழைந்த துளையைவிடத் தடித்திருக்கும். தட்டினால் ஓடு ஓடாக விழும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு ஏற ஏறக் கரைசலிலிருந்து பிரிந்து, மிகச் சூடான இடத்தில், அதாவது எலிமென்டின் மேலேயே, படிகிறது. அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் பிடித்துக்கொள்வதால் எலிமென்ட் உள்ளேயே வேகிறது. தொட்டியின் அடியில் இரண்டு கைப்பிடி அளவுக்குச் சேறுபோல் வண்டலும் இருக்கும். இவற்றையெல்லாம் அகற்றி, நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, மூடி கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு மூடினால்தான் வேலை முடிந்தது. பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டு மூடினால் ஒரு மாதத்தில் அடியில் ஈரம் கசியத் தொடங்கும்.

அதே மூடியில் ஒரு மெக்னீசியம் தண்டும் இருக்கும். புதிதில் அது கட்டைவிரல் பருமன். தொட்டியின் இரும்பு துருப்பிடிப்பதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதே அதன் வேலை. மூன்று நான்கு ஆண்டுகள் திறக்காத கீசரில் தண்டு முழுதும் தின்னப்பட்டு, நடுவில் இருக்கும் கம்பி மட்டும் நிற்பதைப் பல முறை எடுத்துக் காட்டியிருக்கிறேன். அதன் பிறகு தண்ணீர் தின்னத் தொடங்குவது தொட்டியைத்தான். எலிமென்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் மாற்றக்கூடியவை; தொட்டி ஓட்டையானால் கீசரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒரு முறை தண்டைப் பார்ப்பதும், பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுவதும் கீசரின் ஆயுளுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான காரியம். உதிரிகள் பகீரத் பேலஸ் சந்தையில் எல்லாத் தரத்திலும் கிடைக்கின்றன. மெக்கானிக்கிடம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எலிமென்ட் என்று சொல்லிக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தண்ணீருக்குள் 230 வோல்ட்டை வைத்திருக்கும் ஒரு பொருளில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்து, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் அழுத்த வால்விலிருந்து சொட்டும் தண்ணீர். 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது கால் லிட்டர் அளவுக்கு விரிகிறது. ஒருவழி வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீர் பின்னால் போக வழியில்லை. ஆகவே அழுத்த வால்வின் சிறு துளை வழியாக ஒரு டம்ளர் அளவுக்குச் சொட்டித் தீரும். இது பழுதன்று, பாதுகாப்பு. சொட்டுவது பிடிக்காமல் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருக்கும் வீடுகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தாமல் போனால், அதற்கடுத்த காவல், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கும் தெர்மல் கட்-அவுட். அதுவும் தவறினால் கடைசிக் காவல் இந்தத் துளை. கட்-அவுட் அடிக்கடி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை "டைரக்ட்" செய்துவிட்டுப் போகும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நான் வேலை கற்ற முதல் ஆண்டில் எனக்கும் ஒருவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார், நானும் இரண்டு வீடுகளில் அவ்வாறு செய்தேன். பின்னர் ஒரு மூத்த எலக்ட்ரீஷியன், கட்-அவுட்டும் இல்லாமல் வால்வும் அடைபட்டு உப்பி வெடித்த ஒரு தொட்டியின் கிழிந்த தகட்டை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். அன்று மாலையே அந்த இரண்டு வீடுகளுக்கும் திரும்பிப் போய்க் கட்-அவுட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டில் யாராவது "டைரக்ட் பண்ணிவிட்டேன், இனி தொந்தரவு இல்லை" என்று சொன்னால், அந்தக் கீசரைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள்.

மின் இணைப்பைப் பற்றி. 2000 வாட் என்பது 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பாயின்டில் அதைச் செருகவே கூடாது. ஆனாலும் பெரிய பிளக்கைப் பொருத்தும் கனெக்டர் வைத்துச் செருகுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மார்கழியில் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு மாமி விடியற்காலை நாலரை மணிக்கு அழைத்தார். மலை மந்திருக்குப் புறப்படுவதற்காகக் குளிக்கப் போனவர், குளியலறைக்கு வெளியே மீன் கருகுவதுபோல் நாற்றம் வருகிறது என்றார். மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். பிளக்கின் ஒரு முள் மட்டும் பழுப்பேறி நீலம் பாய்ந்திருந்தது. சாக்கெட்டின் முகம் இளகி அந்த முள்ளைக் கவ்விக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். தளர்ந்த இணைப்பில் சூடு, சூட்டினால் மேலும் தளர்வு என்று பல வாரங்கள் ஓடியிருக்கிறது. கருகும் பிளாஸ்டிக் சாக்கெட் மீன்வாடை அடிக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். சைவச் சமையலறையில் மீன்வாடை வந்தால் முதலில் சுவிட்ச்போர்டைத் தொட்டுப் பாருங்கள். கீசர் ஓடி இருபது நிமிடம் ஆனபின் பிளக்கின் மேற்புறம் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது.

எர்த் இல்லாத வீடுகள் இங்கே நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. எலிமென்டின் உறை வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் கசியும்போது எர்த்தும், கசிவை உணர்ந்து இணைப்பை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஷவரின் கீழ் நிற்பவரே எர்த் ஆகிறார். வரும் மெக்கானிக் மீட்டரால் எலிமென்டின் மின்தடையைப் பார்க்க வேண்டும். 2000 வாட்டுக்கு அது 26 ஓம் சுற்றி இருக்கும். மின்கசிவை அளக்கும் மெகர் என்ற கருவியை வைத்து எலிமென்டுக்கும் உறைக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் "கீசரை மாற்றுங்கள்" என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. எர்த் கம்பி இழுப்பதும் ஆர்.சி.சி.பி. போடுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. தயங்காமல் கேளுங்கள், அவர் தாமதித்தால் நீங்களே போட்டுவிட்டு வாடகையில் கழித்துக்கொள்வதாகப் பேசி முடியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து ஒரு நாள்கூட எர்த் இல்லாத கீசரில் குளிக்க வேண்டாம்.

கேஸ் கீசர் வேண்டாம் என்பதே என் பதில். இதில் எனக்கு நெகிழ்ச்சியே கிடையாது, காரணத்தையும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற வேண்டுமானால் பத்து கிலோவாட்டுக்கு மேல் எரிய வேண்டும். உங்கள் சமையலறை அடுப்பின் நான்கைந்து பர்னர்கள் ஒரே நேரத்தில், கதவு சாத்திய ஐந்தடிக் குளியலறையில், குளிருக்காக ஜன்னலையும் அடைத்துவிட்டு எரிவதாக எண்ணிப் பாருங்கள். காற்று போதாதபோது எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி. கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது தாழ்ப்பாளுக்குக் கை எட்டாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்பது தவறான எண்ணம்: உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் அந்த விசிறி, கீசரின் புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகையையே அறைக்குள் திருப்பி இழுக்கும்.

கரோல் பாகில் ஒரு வீட்டுப் பெண், இரண்டு நாட்களிலும் குளித்துவிட்டு வெளியே வந்ததும் மயங்கி விழுந்தாள். இரத்த அழுத்தம் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கீசரில் பேட்டரி மாற்றுவதற்காகப் போன நான், சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக நாக்கு நீட்டி எரிவதைக் கண்டேன். ஜன்னலில் குளிருக்காகத் தெர்மாகோல் அடித்திருந்தார்கள். கேஸைப் பூட்டிவிட்டு, அந்தக் கருவியைக் கையோடு கழற்றி வைத்துவிட்டு, பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இந்த வாயுவைச் சொல்லியே காட்டுங்கள் என்றேன். அவள் நன்றாக இருக்கிறாள். ஏற்கெனவே கேஸ் கீசர் உள்ள வீட்டில் குடியேறியவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியில் மாற்றி வைத்துச் சுடுநீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். கரி எரிக்கும் கணப்புச் சட்டியான அங்கீட்டிக்கும் இதே விதிதான். அணைந்ததுபோல் தோன்றும் கரியே அதிகம் விஷம் கக்கும். தில்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வராமல் இருப்பதில்லை. உங்கள் கட்டடத்துக் காவலாளியின் கூண்டுக்குள் அங்கீட்டி இருந்தால், எல்லா வீட்டாரும் சேர்ந்து அவருக்கு ஒரு சிறு மின் ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

இனி அறை ஹீட்டர். கடைக்காரர் என்ன சொன்னாலும், மின்கம்பியைச் சூடாக்கும் எல்லா வகை ஹீட்டரும் வாங்கிய மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்குகின்றன. 2000 வாட் ஆயில் ஹீட்டரும் 2000 வாட் பிளோயரும் அறைக்குத் தருவது ஒரே அளவு வெப்பந்தான். வேறுபாடு, அதை எப்படித் தருகின்றன என்பதில். சிவந்து எரியும் ராட் ஹீட்டர் எதிரில் இருப்பவரைச் சுடும், முதுகுப்புறம் குளிரும். குழந்தை தவழ்ந்து போய்க் கம்பிவலையைத் தொடும் ஆபத்து உண்டு. பிளோயர் விரைவில் சூடாக்கும், நிறுத்தியதும் குளிர்ந்துவிடும், இரைச்சலும் தூசியும் உண்டு. எண்ணெய் நிரப்பிய ஒன்பது அல்லது பதினொரு மடிப்பு ஹீட்டர் மெதுவாக அரை மணியில் ஏறும், ஆனால் சீராக இருக்கும், உள்ளே கம்பி சிவப்பதில்லை; அதன் எண்ணெய் எரிவதுமில்லை, ஊற்ற வேண்டியதுமில்லை. உங்கள் வீட்டுக்கு இதுவே பொருந்தும். படுப்பதற்கு ஒரு மணி முன் போட்டு, அறை சூடானதும் தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிடுங்கள். மடிப்புகளின் மேல் குழந்தையின் துணியை உலர்த்தாதீர்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள். எந்த ஹீட்டருக்கும் சுவரில் உள்ள பவர் பாயின்டே வேண்டும்.

மின் ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். அது எரிவதே இல்லை, ஆகவே குடிப்பதும் இல்லை. தொண்டை வறள்வதற்குக் காரணம் வேறு: 8 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே ஈரம் ஏறத்தாழ 33 சதவீதமாகத் தோன்றும். ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது ஓரளவு உதவும். தாயாருக்கு இரவில் வெந்நீரும் குழந்தையின் கன்னத்தில் தேங்காய் எண்ணெயும் அதைவிட உதவும். மின் ஹீட்டர்தானே என்று அறையை ஓட்டையே இல்லாமல் அடைக்கவும் வேண்டாம். மூன்று பேர் மூச்சுவிடும் அறைக்குக் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கட்டும்.

கட்டணத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் தினமும் ஐந்து மணி நேரம் முழுதாக ஓடினால் மாதம் 300 யூனிட். தில்லி அரசின் சலுகை 200 யூனிட் வரை முழுதாகவும் 400 யூனிட் வரை பாதியாகவும் கிடைப்பதால், ஹீட்டர் வந்த முதல் மாதம் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். மே மாத வெயிலுக்கு எப்படியும் ஏ.சி. வாங்கப் போகிறீர்கள் என்றால், குளிரும் சூடும் தரும் இன்வெர்ட்டர் வகையை வாங்குங்கள். அது மின்சாரத்தை வெப்பமாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உள்ளே ஏற்றி இறைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். கடுங்குளிர் இரவுகளில் வெளியிலுள்ள பெட்டியில் படியும் பனியைக் கரைப்பதற்காக இடையிடையே சில நிமிடம் நின்றுவிடும். அதைப் பழுதென்று எண்ணி மெக்கானிக்கை அழைக்க வேண்டாம்.

எங்கள் வேலை தீபாவளி முடிந்ததும் மெல்லத் தொடங்கி, முதல் குளிரலை வீசும் நாளில் ஒரேயடியாகக் குவிந்து, ஹோலிக்குப் பின் கூலருக்கு மாறிவிடும். ஜனவரியில் ஒரு நாளில் பத்து வீடு பார்க்கும் மெக்கானிக் உங்கள் கீசரை முழுதாகத் திறந்து கழுவ மாட்டார், அவருக்கு நேரமில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே அழையுங்கள். இப்போதைக்கு, அழைக்கும்போதே கீசரின் நிறுவனம், கொள்ளளவு, வாங்கிய ஆண்டு, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டின் புகைப்படம் ஆகியவற்றை அனுப்பி, எலிமென்ட் இரண்டு முறை போனது, மேல்தொட்டி இரவில் காலியாகிறது என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ளவராக இருந்தால் எலிமென்டோடு வால்வும் கேஸ்கெட்டும் மெகரும் எடுத்துக்கொண்டு வருவார்.